பழைய சின்னக் காரில் எந்த ஒப்ஷனுக்குக் காசு கொடுக்கலாம்? பார்க்கப் போன அனுபவங்களைப் போடுங்கள்

வெள்ளவத்தையான்:

தங்கைக்கு ஒரு சின்னக் கார் பார்த்துக் கொடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. பிள்ளையைப் பம்பலப்பிட்டியில் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு ராஜகிரியவுக்கு வேலைக்குப் போய் வர வேண்டும், அவ்வளவுதான் ஓட்டம். சுசுக்கி வேகன் ஆர் அல்லது டொயோட்டா விட்ஸ் என்பது வரைக்கும் வீட்டில் சண்டையில்லாமல் முடிவாகிவிட்டது. அதற்குப் பிறகுதான் சிக்கல். வேகன் ஆரில் எந்த ரகம், எஃப்எக்ஸா, எஃப்ஸெட்டா, ஸ்டிங்ரேயா? விட்ஸில் எஃப்பா, ஜுவெலாவா, சேஃப்டி (முன்னால் மோதப் போனால் தானே பிரேக் பிடிக்கிற பக்கேஜ்) உள்ளதா இல்லாததா? விளம்பரத்தைப் பார்த்தால் கொழும்பில் உள்ள எல்லாக் காரும் ‘ஃபுல் ஒப்ஷன்’, எல்லாமே லேடி ட்ரிவன், பாதி டொக்டர்மாருடையது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களைத் திரும்ப விட்டார்கள். அவ்வளவு காலமும் இருந்த கார்களே கை மாறிக் கை மாறிச் சுற்றியதில், எது கம்பனியிலேயே வந்த சாமான், எது இங்கே பூட்டிய சாமான் என்று விற்கிற ஓனருக்கே தெரியாது.

வத்தளைப் பக்கம் ஒரு கார் சேலில் பார்த்ததைச் சொல்கிறேன். 2018 வேகன் ஆர், எஃப்ஸெட் சேஃப்டி என்று போட்டிருந்தார்கள். வெள்ளை, அலோய் வீல், உள்ளே வாசனைப் போத்தல், கழுவித் துடைத்து மினுக்கி வைத்திருந்தார்கள். எஃப்ஸெட் என்பது உண்மைதான். 2017இல் வந்த அந்த மொடலுக்கு மூன்று விதமான முகம் இருக்கிறது, எஃப்ஸெட்டின் கிரில் எஃப்எக்ஸில் வராது. ஆனால் சேஃப்டி பக்கேஜ் என்றால் முன் கண்ணாடியின் மேல் பக்கம், நடுக்கண்ணாடிக்குப் பின்னால், கமராவும் லேசர் சென்சரும் சேர்ந்த ஒரு பெட்டி இருக்க வேண்டும். இதில் வெறும் கண்ணாடி. கேட்டால், ‘கல் பட்டு கிளாஸ் மாத்தினது தம்பி, அதில் கழன்றுபோயிற்று’ என்றார் கடைக்காரர். கிளாஸ் மாற்றியது மெய், பக்கக் கண்ணாடிகளில் ஒரு மார்க், முன்னால் வேறு மார்க். சரி என்று டாஷ்போர்டைப் பார்த்தேன். அந்தப் பக்கேஜோடு ஹெட்அப் டிஸ்ப்ளேயும் வரும். ஸ்டியரிங்குக்கு முன்னால் டாஷ்போர்டின் மேல்பக்கத்தில் கண்ணாடியை நோக்கி வெளிச்சம் அடிக்க ஒரு பள்ளம் இருக்கும். இதில் அந்த இடம் வழுவழுவென்று இருந்தது. கல் கண்ணாடியில் பட்டதாம், டாஷ்போர்டில் இருந்த பள்ளம் எப்படி மூடிக்கொண்டது என்று கேட்டதற்கு, ‘அதெல்லாம் ஒப்ஷனல்’ என்று சொல்லிவிட்டு ப்ளேன்டீ கொண்டுவரச் சொன்னார். ப்ளேன்டீ நன்றாக இருந்தது. சேஃப்டி இல்லாத எஃப்ஸெட்டை விட நான்கைந்து லட்சம் கூடக் கேட்டார், அதைத்தான் ஜீரணிக்க முடியவில்லை.

அடுத்தது நுகேகொடையில் ஒரு வீட்டில் விட்ஸ். சாதாரண எஃப், பென்ஷன் எடுத்த ஒரு ஐயாவுடையது. ரிவர்ஸ் கமரா, பிளேயர், அலோய் எல்லாம் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் வாங்கிப் பூட்டியவை என்று கேட்காமலே சொன்னார். கழற்றிய பழைய வீல் கப்புகளைக்கூடப் பேப்பரில் சுற்றி வைத்திருந்தார். ஜப்பானில் ஏலத்தில் விற்றபோது காரின் நிலைமையை எழுதிக் கொடுத்த ஏலத் தாள் கையில், கதவு விளிம்பில் ஸ்டிக்கர்கள் அப்படியே, பெயின்ட் மாறவில்லை. சேஃப்டி மட்டும் இல்லை.

என் கணக்கு இதுதான். பிறகு பூட்டக்கூடிய எதற்கும் ஓனரிடம் தனியாகக் காசு கொடுக்கக் கூடாது. கமரா, பிளேயர், அலோய், ஃபொக் லைட், சீட் கவர் எல்லாம் அந்த வகை. கம்பனியில் வந்தால்தான் உண்டு என்று இருக்கும் எயார்பேக், ஏபிஎஸ், அந்த பிரேக் சென்சர், இவற்றுக்குக் கூடக் கொடுக்கலாம். எவ்வளவு கூட என்பதுதான் தெரியவில்லை. பாவித்தவர்கள் சொல்லுங்கள்.

பஞ்சிகாவத்தைப் பொடியன்:

அண்ணை சொன்ன அலோய் கதைக்கு ஒன்று சேர்க்கிறேன், கடையில் நிற்பவன் என்ற முறையில். அந்த வேகன் ஆரில் எஃப்எக்ஸ், எஃப்ஸெட் இரண்டுக்கும் டயர் ஒன்றே, 155/65 பதினான்கு அங்குலம். இரும்பு ரிம்மா அலோயா என்பதுதான் வித்தியாசம். ஸ்டிங்ரேக்கு 165/55 பதினைந்து. பார்க்க எடுப்பு, ஆனால் டயரின் பக்கச் சுவர் மெல்லிசு. மழைக்குப் பிறகு பேஸ்லைன் ரோட்டில் ஒரு பள்ளத்தில் இறங்கி ரிம் வளைந்து வருகிற ஆட்களை எனக்குத் தெரியும். டர்போ இல்லாத ஸ்டிங்ரேக்கும் எஃப்எக்ஸுக்கும் எஞ்சின் அதே 658 சிசி ஆர்06ஏதான். அதாவது கூடக் கொடுப்பது முகத்துக்கு. முகம் பிடித்திருந்தால் கொடுங்கள், தப்பில்லை, கார் வாங்குவதில் பாதி ஆசைதானே.

எயார்பேக் இருக்கிறது என்று யாராவது சொன்னால் வாயைப் பார்க்காதீர்கள், மீட்டரைப் பாருங்கள். புஷ் ஸ்டார்ட் என்றால் பிரேக்கை மிதிக்காமல் இரண்டு தரம் அழுத்துங்கள், எஞ்சின் ஓடாமல் இக்னிஷன் மட்டும் வரும். எயார்பேக் லைட் எரிந்து சில வினாடிகளில் தானாக அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் பல்பைக் கழற்றியிருக்கிறார்கள். இன்னொரு வேலையும் நடக்கும்: எயார்பேக் லைட்டின் வயரை ஒயில் லைட்டோடு சேர்த்துவிடுவார்கள், எஞ்சின் ஸ்டார்ட் ஆனதும் இரண்டும் ஒன்றாக அணையும், பார்ப்பவருக்கு எல்லாம் சரி. அதனால்தான் ஸ்டார்ட் பண்ணாமல் பார்க்கச் சொல்கிறேன். ஏபிஎஸ் லைட்டையும் அப்படியே.

மீட்டர்காரன்:

நான் ஹயர் ஓடுகிறவன், அல்டோ 800, எல்எக்ஸ்ஐ. இங்கே எல்லாரும் ஜப்பான் கார்களைப் பேசுகிறீர்கள், என் வயிற்றுப்பிழைப்பு இந்தியன் அல்டோ. வாங்கும்போது புரோக்கர் அதற்கு மேல் ரகமான வீஎக்ஸ்ஐ எடு எடு என்று உயிரை எடுத்தார். சென்ட்ரல் லொக்கும் அது இதுவும் கூட இருக்கிறது என்று. நான் பார்த்தது ஏசி, பவர் ஸ்டியரிங், முன் ஷட்டர் (கதவுக் கண்ணாடி) இரண்டும் பவர். இவ்வளவும் எல்எக்ஸ்ஐயிலேயே இருக்கிறது. 796 சிசி, மூன்று சிலிண்டர், அதற்கு மேல் அந்தக் காரிடம் எதிர்பார்த்தால் பாவம் காருக்கு. சென்ட்ரல் லொக் பிறகு ரிமோட்டோடு சேர்த்துப் போட்டுக்கொண்டேன், கோல்ஃபேஸில் இறங்குகிற ஆட்கள் கதவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள். பின் ஷட்டரைக் கையால் சுற்ற வேண்டும், சின்னப் பிள்ளைகளுக்கு அது ஒரு விளையாட்டு.

ஆனால் ஒன்று. சுத்தமாக அடிமட்ட மொடல், பவர் ஸ்டியரிங் இல்லாதது, விலை குறைவு என்று எடுத்துவிடாதீர்கள். ஓடும்போது தெரியாது. செட்டியார் தெருவில் லொறிக்கும் நகைக்கடைப் படிக்கும் நடுவில் பார்க் பண்ணும்போது தோள்பட்டை சொல்லும். பிறகு பூட்டுவதும் லேசில் ஆகாத காரியம்.

தெஹிவளை அக்கா:

தம்பி வெள்ளவத்தையான், எவ்வளவு கூடக் கொடுக்கலாம் என்று கேட்டீர்களே. என்னிடம் சேஃப்டி உள்ள விட்ஸ் இருக்கிறது, அதனால் எழுதுகிறேன். விட்ஸுக்கு அது 2015இல்தான் வந்தது, அதற்கு முந்திய காரை யாராவது சேஃப்டி என்று காட்டினால் எழும்பி வந்துவிடுங்கள். ஹைலெவல் ரோட்டில் கிருலப்பனைக்குக் கிட்ட, முன்னால் போன பஸ் ஹோல்ட் இல்லாத இடத்தில் ஆளை ஏற்றத் திடீரென்று நின்றது. பின் சீட்டில் மகன் தண்ணீர்ப் போத்தலைக் கீழே போட்டு அழுததில் நான் ஒரு கணம் திரும்பியிருக்கிறேன். கார் பீப் பீப் என்று கத்தியது, கால் பிரேக்குக்குப் போவதற்குள் அதுவே ஒரு பிடி பிடித்தது. பஸ்ஸின் பின்பக்கம் எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டி வாசிக்கும் தூரத்தில் நின்றோம். அன்றைக்கே அந்தக் கூடுதல் காசு எனக்கு வந்துவிட்டது.

ஆனால் அதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டலாம் என்று இல்லை. முதலில் வந்த அந்த முறை முன்னால் உள்ள வாகனத்தைத்தான் கணக்கெடுக்கும், குறுக்கே நடக்கிற ஆளை எடுக்காது. கோடு விலகினால் கத்துகிற அலாரம் ஒன்றும் இருக்கிறது, காலி வீதியில் அதைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? த்ரீவீலுக்கு ஒதுங்கினால் கத்தும், மோட்டார் சைக்கிளுக்கு ஒதுங்கினால் கத்தும். நான் அதை மட்டும் ஓஃப் பண்ணி வைத்திருக்கிறேன். பிள்ளையை ஏற்றிப் போகிற தங்கைக்கு என்றால் நான் சேஃப்டி பக்கம்தான். அலோய் இல்லாவிட்டால் யாரும் சாகப் போவதில்லை.

மருதானை நானா:

சகோதரி சொன்னது சரி, ஆனாலும் ஒன்று சொல்கிறேன். அடிபட்டுத் தட்டி எடுத்த சேஃப்டி காரை விட அடிபடாத வெறும் எஃப் மேல். முன்னால் அடி வாங்கி, கண்ணாடி மாற்றி, சென்சரைத் திரும்ப முறையாக நேர்ப்படுத்தாமல் விட்டிருந்தால், அந்தக் கமரா இருந்தும் ஒன்றுதான் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். ஏலத் தாளைக் கேளுங்கள். அதில் மேலே இருக்கும் 4, 4.5 எல்லாம் கார் இருக்கிற நிலைமைக்குப் போட்ட புள்ளி. ஆர் என்று இருந்தால் ஜப்பானிலேயே அடிபட்டு ரிப்பேர் செய்தது. எஃப்பா ஜுவெலாவா என்பது அதே தாளில் வேறு கட்டத்தில் இருக்கும். சில புரோக்கர்மார் நான்கரையைக் காட்டி ‘பார், உயர்ந்த மொடல்’ என்பார்கள், அந்தப் பருப்பு என்னிடம் வேகவில்லை. தாளில் உள்ள செசி நம்பரை வண்டியிலும் சீஆரிலும் (வாகனப் பதிவுப் புத்தகம்) ஒப்பிடுங்கள். நான் பார்த்த சீஆர்களில் மொடல் கோட் இருந்தது, ஒப்ஷன் விவரம் இருந்ததில்லை, ஆகவே புத்தகத்தை விரித்துக் காட்டி எஃப்ஸெட் என்று சத்தியம் பண்ணினால் நம்ப வேண்டாம்.

பழைய கொழும்பான்:

ஐட்லிங் ஸ்டொப் பற்றி யாரும் சொல்லவில்லையே. விட்ஸில் அது உள்ளதும் இருக்கிறது, இல்லாததும் இருக்கிறது. சிக்னலில் நின்றால் எஞ்சின் அணையும், பெற்றோல் மிச்சம், 2022இல் கியூஆர் காட்டி வாரத்துக்கு 20 லீற்றர் என்று அளந்து ஊற்றிய காலத்தில் அதுவே பெரிய விஷயம். ஆனால் எஞ்சின் அணைந்தால் ஏசி கம்ப்ரசரும் நின்றுவிடும். மத்தியானம் கொள்ளுப்பிட்டிச் சந்தியில் நின்று பாருங்கள், காற்று வரும், குளிர் வராது. நான் காரில் ஏறியதும் பெல்ட் போடுவதற்கு முன் அந்த ஓஃப் பட்டனை அழுத்துகிறவன். பட்டரியும் அதற்கென்று உள்ளதுதான் போட வேண்டும், சாதாரணத்தை விட விலை கூட. மலிவானதைப் போட்டு விற்கிறார்களா என்று பொனெட்டைத் திறந்து லேபிளைப் பாருங்கள். வேகன் ஆரில் இந்த விஷயத்தில் கொஞ்சம் மூளை வைத்திருக்கிறார்கள்: குளிரைச் சேமித்து வைக்கும் ஒரு பொருளை ஏசிக்குள் வைத்திருப்பதால் எஞ்சின் நின்றாலும் கொஞ்ச நேரம் குளிர் வரும். திரும்ப ஸ்டார்ட் ஆவதும் எஞ்சின் பெல்ட் வழியாக, கர்ர் என்ற சத்தம் இல்லை.

ஹைலெவல்:

ஜுவெலா எடுப்பதாக இருந்தால் நிறத்தை யோசியுங்கள். பெண்களை மனதில் வைத்துச் செய்த மொடல், உள்ளே வேலைப்பாடு அழகு, ஒரு லீற்றர் எஞ்சின் எஃப்பில் உள்ள அதே 996 சிசி. அந்த இளஞ்சிவப்பு என் மனைவிக்கு உயிர். விற்கப் போனபோது வந்தவர்கள் எல்லாம் வெள்ளை இல்லையா என்றுதான் கேட்டார்கள்.

வெள்ளவத்தையான்:

எல்லாருக்கும் நன்றி. பொடியன் சொன்ன மாதிரி ஸ்டார்ட் பண்ணாமல் லைட்டைப் பார்க்கப் போய், தெமட்டகொடையில் ஒரு வண்டியில் எயார்பேக் லைட் கடைசிவரை எரியவே இல்லை. ஓனர் தானே முதல் தடவை பார்ப்பது போல் குனிந்து பார்த்தார், பாவம், அவரை ஏமாற்றியது யாரோ.

தங்கை, அக்கா எழுதியதை வாசித்துவிட்டு சேஃப்டி இல்லாமல் வேண்டாம் என்று நிற்கிறாள். நுகேகொடை ஐயாவின் விட்ஸை விட மனமில்லை, ஆனாலும் விட்டாச்சு. இப்போது கல்கிசையில் ஒரு 2016 சேஃப்டி விட்ஸ் பார்த்திருக்கிறோம்: வீல் கப், கமரா இல்லை, சீட்டில் ஒரு சிகரெட் ஓட்டை, கண்ணாடி கம்பனி கண்ணாடி, பெட்டி அதன் இடத்தில் இருக்கிறது, லைட்டுகள் எரிந்து ஒழுங்காக அணைகின்றன. லீசிங் இன்னும் முடியாததால் சீஆரில் லீசிங் கம்பனியின் பெயர் இருக்கிறது, அதைத் தீர்த்துத் தந்தால்தான் மீதிக் காசு என்று சொல்லியிருக்கிறேன். பொடியன், கடையில் ரிவர்ஸ் கமரா பூட்ட எவ்வளவு என்று சொல்லும்.