வீட்டு மீடியா சர்வர் வச்சு ராத்திரி தூக்கம் போன கதை இருந்தா சொல்லுங்க

பழைய_லேப்டாப்
என் செட்டப் இதுதான், பழைய லேப்டாப், அதுல டெபியன் லினக்ஸ், நம்ம படங்கள டிவில காட்டுற ஜெல்லிஃபின் சர்வர், பக்கத்துல 4 டிபி யூஎஸ்பி டிஸ்க். டிவிடிய உள்ள தள்ளுனா தானா ரிப் ஆகி, அதாவது ஃபைலா காப்பி ஆகி, தானா ஃபோல்டர்ல போய் உக்காந்து தட்டு வெளிய வந்துடும். அப்பா அலமாரில இருந்தது, அக்கா கல்யாண டிவிடி, எல்லாம் இப்படித்தான் ஏறுச்சு. ஒரு ஞாயித்துக்கிழமை சித்தி வீட்டாளுங்க வந்திருக்காங்க, அம்மா ரிமோட்ட எடுத்து "இரு இரு, தாலி கட்டுற இடத்த காட்டுறேன்"னு அமுக்குறாங்க, சர்வரே இல்லங்குது. ரீஸ்டார்ட் பண்ணேன், அப்பவும் இல்ல. உள்ள போய் பாத்தா, இடம் எவ்ளோ நிரம்பிருக்குன்னு சொல்ற டிஎஃப் கமாண்ட் 100 பர்சென்ட் காட்டுது, லேப்டாப்போட 240 ஜிபி எஸ்எஸ்டி ஃபுல். ஃபைல் சைஸ சொல்ற டியூ கமாண்ட் போட்டு கூட்டிப் பாத்தா 31 ஜிபிதான் வருது. மிச்சம் எங்கய்யா போச்சு? லாக்க அழிச்சேன், பழைய டாக்கர் இமேஜ அழிச்சேன், ம்ஹூம். பின்னாடி சித்தி "வரலன்னா விடுக்கா, காபி போடு"ங்குறாங்க. அம்மா மூஞ்சிய திரும்பிப் பாக்கல நான்.

ராத்திரி 1 மணிக்குத்தான் பொறி தட்டுச்சு. அந்த வாரம் கரண்ட் போய் வந்தப்ப லேப்டாப் எழுந்திருச்சு, டிஸ்க் எழும்பல. எந்த டிஸ்க்க எங்க மாட்டணும்னு சொல்ற எஃப்எஸ்டாப் ஃபைல்ல, 'இல்லன்னாலும் பரவால்ல'ங்குற நோஃபெயில் போட்டிருந்ததால டிஸ்க் இல்லாமயே பூட் ஆயிருக்கு, நானும் தினம் நாலஞ்சு டிவிடி தள்ளிட்டே இருந்திருக்கேன், எல்லாம் டிஸ்க் மவுண்ட் ஆகாத, அதாவது வந்து மாட்டிக்காத, காலி ஃபோல்டர்ல, அதாவது எஸ்எஸ்டிலயே எறங்கிருக்கு. ஞாயித்துக்கிழமை ரீஸ்டார்ட் பண்ணதும் டிஸ்க் வந்து அந்த ஃபோல்டர் மேல உக்காந்து எல்லாத்தையும் மறைச்சிருச்சு. அன்மவுண்ட் பண்ணேன், கீழ முப்பது டிவிடி அப்படியே இருக்கு!

மாடிவீடு_87
எனக்கு மாமனார். காது மந்தம், சப்டைட்டில் இல்லாம பாக்க மாட்டார். ராஸ்ப்பெர்ரி பை 5ங்குற குட்டி கம்ப்யூட்டர சர்வரா வாங்கி பெருமையா வச்சேன், ப்ளூரே ரிப் ஜம்முனு ஓடுது, சப்டைட்டில் ஆன் பண்ண உடனே அஞ்சு செகண்டுக்கு ஒரு தடவ சுத்துது. அவர் "மாப்ள, எழுத்து போட்டா கனம் தாங்கல போல"ன்னாரு. சிரிச்சேன், ஆனா அதான் நெசம். ப்ளூரே சப்டைட்டில் எழுத்தே இல்ல, படம். என் டிவி ஆப்புக்கு அத வரையத் தெரியல, சர்வர் வீடியோ மேல ஒட்டி முழுசா திரும்ப என்கோட் பண்ணுது, அந்த வேலைக்குன்னு பை 5ல தனி ஹார்டுவேர் என்கோடர் கிடையாது. சப்டைட்டில வெறும் எழுத்தா இருக்குற எஸ்ஆர்டி ஃபைலா மாத்தினேன், பை 10 பர்சென்ட் கூட வேல செய்யல.

ரேக்_ராஜா
@பழைய_லேப்டாப் தப்பு உங்க மேலதான் ப்ரோ, யூஎஸ்பி டிஸ்க்க நம்பி கல்யாண வீடியோ வைப்பாங்களா. எனக்கும் ஒரு தடவ டிஸ்க் செத்துச்சு, ரெண்டு டிஸ்க்லயும் ஒரே டேட்டாவ எழுதுற ரெய்டு இருந்ததால தப்பிச்சேன், அவ்வளவுதான் என் கதை. ஆனா ரெய்டு பேக்கப் இல்ல, தெரியாம அழிச்சா ரெண்டு டிஸ்க்லயும் சேந்தே அழியும், கல்யாண வீடியோவுக்கு இன்னொரு வீட்ல ஒரு காப்பி வைங்க. அப்புறம் வெளிய இருந்து பாக்கணும்னு ரவுட்டர்ல போர்ட் தொறந்து வைக்காதீங்க. ரவுட்டர்ல வான் ஐபி (இன்டர்நெட் பக்கத்து அட்ரஸ்) 100.64ல இருந்து 100.127க்குள்ள இருந்தா நீங்க பல வீட்டுக்கு ஒரே பப்ளிக் ஐபி குடுக்குற சிஜிநேட்டுக்குப் பின்னாடி இருக்கீங்க, போர்ட் தொறந்தாலும் வெளிய இருந்து வராது, டெய்ல்ஸ்கேல்ங்குற விபிஎன் போடுங்க. ஜெல்லிஃபின் மாதிரியே இருக்குற பிளெக்ஸ்னா 2025 ஏப்ரல்ல இருந்து வீட்டுக்கு வெளிய இருந்து பாக்க காசு, அதனால ஜெல்லிஃபின் சரிதான். சர்வருக்கு இன்வெர்ட்டர் லைன் குடுங்க, சின்ன யூபிஎஸ்ஸும் வைங்க, என்100 மினி பிசி ஒண்ணு வாங்குங்க, வீடியோ என்கோட் பண்ண இன்டெல் க்விக்சிங்க் இருக்கு, மாமனார் பிரச்சனையும் தீரும்...

மாடிவீடு_87
மாமனார் பிரச்சனை தீந்துருச்சுன்னுதான்ங்க எழுதிருக்கேன்.

சும்மா_பாக்குறேன்
அவர் கேட்டாரா ராஜா அண்ணே 😄 என்னுது சின்னது. அப்பாவுக்கு அந்தக் காலத்து விக்ரம் போடலாம்னு ஃபோல்டருக்கு வெறும் விக்ரம்னு பேர் வச்சேன், 2022 போஸ்டர் வந்து உக்காந்துச்சு. அப்பா அமுக்கினா 1986 படம் ஓடுது. மனுசன் பத்து நிமிஷம் பாத்துட்டு "கமல் எப்படிடா இவ்ளோ இளமையா ஆனாரு, கம்ப்யூட்டர்லயா"ன்னு கேட்டார். ஃபோல்டர் பேர்ல வருசத்த போட்டதும் சரியாச்சு. அப்பாகிட்ட மட்டும் இன்னும் சொல்லல.

பழைய_லேப்டாப்
@ரேக்_ராஜா காப்பி இருக்கு அண்ணே, ஒரிஜினல் டிவிடியே பீரோல இருக்கு. இப்ப மவுண்ட் ஃபோல்டர் காலியா இருக்கப்பவே யாரும் எழுத முடியாம பூட்டுற சிஎச்ஆட்டர் ப்ளஸ் ஐ கமாண்ட் போட்டுட்டேன், டிஸ்க் இல்லன்னா எதுவும் எழுதாது, எரர் அடிக்கும். ரெண்டு மாசமா ஒரு பிரச்சனையும் இல்ல. அம்மாதான் யாராவது வந்தா ரிமோட்ட தொடறதே இல்ல, "நீயே போடுடா"ங்குறாங்க.