கொழும்பில் நடக்கும் மிக்கேல் மெட்ச்சை அப்பாவுக்கு எப்படிக் காட்டுவது?

கல்லடி மகள்:
வணக்கம். அப்பாவுக்கு 76 வயது. மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியின் பழைய மாணவர், ஹேபியர் அடிகளாரிடம் கூடைப்பந்து பழகியவர். இப்போது முழங்கால் வலி. எட்டு ஒன்பது மணி நேரம் ரயிலில் இருந்து கொழும்புக்குப் போக முடியாது. அதனால் பிள்ளைகள் அங்கே விளையாடும் மெட்ச்சை யூடியூப் நேரலையில் டிவியில் போட்டுக் கொடுக்கிறேன். தொடங்க அரை மணி நேரம் இருக்கும்போதே சாரத்தை மாற்றி, நீளக் காற்சட்டை போட்டுக்கொண்டு கதிரையில் இருந்துவிடுவார். மைதானத்துக்குப் போவதுபோலவே.

பிரச்சினை இதுதான். போன சனிக்கிழமை கடைசிக் கால்பகுதி, நாங்கள் ஒரு புள்ளி பின்னால். பந்து எங்கள் பிள்ளையின் கையில். அந்த நேரம் பார்த்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் 'வென்றாச்சு' என்று வந்து விழுந்தது. அப்பா என் போனைப் பார்த்தார், டிவியைப் பார்த்தார். படத்தில் பந்து இன்னும் கையை விட்டுப் போகவில்லை. எழும்பி விறாந்தைக்குப் போய்விட்டார். வென்ற மெட்ச்சின் கடைசி அடியை அவர் பார்க்கவே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

இந்தத் தாமதத்தைக் குறைக்க வழி உண்டா? இன்னொன்று, நேரலையில் வர்ணனை இல்லை. அப்பாவுக்கு ஒரு கண்ணில் பார்வை குறைவு, ஜேர்சி இலக்கம் தெரியாது. 'மகள், யார் அடிச்சது?' என்று கேட்பார். எனக்கும் தெரியாது.

ஊறணித் தம்பி:
அக்கா, தாமதம் பெரும்பாலும் அனுப்புகிறவர்களின் பக்கம்தான். யூடியூபில் நேரலை தொடங்கும்போதே தாமதத்தைச் சாதாரணம், குறைவு, மிகக் குறைவு என்று தெரிவுசெய்யலாம். ஒளிபரப்பும் பிள்ளைகளுக்கு ஒரு மெசேஜ் போட்டுப் பாருங்கள். உங்கள் பக்கம் செய்யக்கூடியது: படம் நின்று நின்று வந்தால் படத்தின் தரத்தை 720-இலிருந்து 480-க்கு இறக்குங்கள். ஒவ்வொரு முறை நிற்கும்போதும் தாமதம் கூடிக்கொண்டே போகும். விட்டதைப் பிடிக்க, நேரலை என்று காட்டும் இடத்தை அழுத்தினால் முன்னுக்கு வந்துவிடும்.

அப்படியும் சில வினாடி பின்னால்தான் இருப்பீர்கள். கூடைப்பந்தில் ஒரு அணி 24 வினாடிக்குள் பந்தை எறிந்துவிட வேண்டும். படம் 30 வினாடி பின்னால் வந்தால், நீங்கள் பார்ப்பது எப்போதோ முடிந்த தாக்குதல். ஆகவே மெட்ச் முடியும்வரை வாட்ஸ்அப்பை மூடிவையுங்கள்.

டொரொண்டோ பழைய மாணவன்:
வாட்ஸ்அப்பை மூடு என்கிற தம்பி சொல்வது சரி. நான் எழும்பியதும் போனை அலமாரிக்குள் வைத்துவிடுவேன். அங்கே பின்னேரம் மூன்றரை என்றால் கோடை காலத்தில் இங்கே காலை ஆறு மணி. வேலைக்குப் போகுமுன் முதல் பாதி பார்த்துவிடலாம், மிச்சம் பஸ்ஸில்.

தங்கச்சி, அப்பா ஹேபியர் சுவாமியின் பிள்ளையா? கேட்கவே மனம் நிறைகிறது. அமெரிக்காவின் லூசியானாவில் பிறந்து 1948-இல் இலங்கைக்கு வந்த மனிதர். 1990 ஆகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் காணாமல் போனார், இன்றுவரை தகவல் இல்லை. இங்கே இருந்தபடி நான் மெட்ச் பார்ப்பதற்கும் அவர்தான் காரணம் என்று அப்பாவிடம் சொல்லுங்கள்.

வெள்ளவத்தை:
அக்கா, நான் மிக்கேலில் 2011 உயர்தரம். அடுத்த மெட்ச்சுக்குப் போகிறேன். போனில் அப்பாவுக்கு நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், யார் எறிந்தது, யார் பவுல் என்று. ஆனால் என் குரல் படத்துக்கு முன்னால் வரும், அது பரவாயில்லையா?

கல்லடி மகள்:
தம்பி, பரவாயில்லையா என்று அப்பாவிடமே கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, 'முதல்ல காதால கேக்கிறன், பிறகு கண்ணால பாக்கிறன்' என்றார். முன்பு கோபம் வந்தது, செய்தி வந்து படத்தைக் கெடுத்ததால். இதில் கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நின்று சொல்வதுபோல இருக்கும் என்கிறார்.

கல்லடி மகள் (புதன்):
நேற்று நடந்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை. டிவியின் சத்தத்தை நிறுத்திவிட்டுப் போனை ஸ்பீக்கரில் போட்டு அப்பாவின் மடியில் வைத்தேன். தம்பி 'நாலாம் இலக்கம், இடது மூலையில் இருந்து மூன்று புள்ளி' என்று கத்தினார். அப்பா டிவியை நோக்கி விரலை நீட்டி, 'இப்ப பார் மகள், இடது மூலை' என்றார். கொஞ்ச நேரத்தில் அதே மூலையில் அந்தப் பிள்ளை எறிந்தான். மூன்றாம் கால்பகுதியில் எனக்கே எல்லாப் பிள்ளைகளின் இலக்கமும் பாடமாகிவிட்டது.

ஆறு புள்ளியால் தோற்றோம். ஆனால் கடைசிவரை அப்பா எழும்பவில்லை. மெட்ச் முடிந்ததும் தம்பியிடம் முக்கால் மணி நேரம் கதைத்தார், பெரும்பாலும் எங்கள் பிள்ளைகளின் றீபவுண்ட், அதாவது கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது பற்றித்தான்.

தம்பி, ஞாயிறு பத்து மணி மெட்ச்சுக்கும் வருவீர்களா? அப்பா கேட்கச் சொன்னார்.