மறு: கார் ஸ்கேனர் – தமிழில் எப்படிச் சொல்வது?

> வீட்டிலேயே கார்க் கோளாறு பார்ப்பவர்கள் எந்த ஸ்கேனரை வாங்கலாம் என்று ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். தலைப்பிலேயே நின்றுவிட்டது. வருடி, பழுதாய்வி, நோயறி கருவி, இந்த மூன்றும் கைவசம் இருக்கின்றன. எதை வைக்கலாம்?

வணக்கம்.

'வருடி'யை முதலில் தள்ளிவிடலாம். தாளின் மேல் ஒளியால் தடவிப் படமெடுக்கும் கருவிக்கு அது அழகாகப் பொருந்தியது. காரில் இந்தக் கருவி எதையும் தடவுவதில்லை. ஸ்டியரிங் பக்கம், டாஷ்போர்டுக்கு அடியில் 16 முனைச் சாக்கெட் ஒன்று இருக்கும். அதில் செருகியதும் கருவி கேட்கிறது. எஞ்சின் கணினி தான் எழுதி வைத்திருப்பதைச் சொல்கிறது. நடப்பது அவ்வளவுதான்.

மற்ற இரண்டிலும் எனக்குள்ள சிக்கல் வேறு. பழுதை இந்தக் கருவியே கண்டுபிடித்துவிடும் என்று அந்தச் சொற்கள் வாக்குக் கொடுக்கின்றன. அதை நம்பி நானே காசை விட்டிருக்கிறேன். எஞ்சின் விளக்கு எரிந்தது, கருவி பி0171 என்றது. கலவையில் காற்று கூடுதல், பெட்ரோல் குறைவு என்று பொருள். அந்த அளவை ஆக்ஸிஜன் சென்சார்தானே சொல்கிறது, அதுதான் கெட்டிருக்கும் என்று முடிவுகட்டி மாற்றினேன். நான்கே நாளில் விளக்கு திரும்பி வந்தது. அப்புறம்தான் ஓடும் எஞ்சினின் அளவுகளைப் பொறுமையாகப் பார்த்தேன். ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் சும்மா ஓடும்போது, கணினி 20 விழுக்காட்டுக்கு மேல் பெட்ரோலைக் கூட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தது. ஆக்ஸிலரேட்டரை மிதித்து நிமிடத்துக்கு 2,500 சுற்றில் பிடித்தால் அது 5க்கு இறங்கியது. ஐடிலில் எஞ்சின் இழுக்கும் காற்றே கொஞ்சம் என்பதால், எங்கிருந்தாவது கசிந்து வரும் காற்று பெரிதாகத் தெரியும். சுற்று கூடினால் கூட்டத்தில் கரைந்துபோகும். தேடினால் வேக்குவம் குழாய் ஒன்றில் விரிசல். பழைய சென்சார் உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறது, பாவம்.

ஆகவே கருவி நமக்குக் கொடுப்பது பழுதை அன்று, பழுதின் குறியை. 'பழுதுக்குறி' என்று வைத்தால் பி0171 போன்ற கோடுக்கும் (code) ஒரு பெயர் ஆயிற்று. நோய்க்குறியைப் போல இதுவும் ஓர் அடையாளம்தான் என்ற எச்சரிக்கையும் சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்துவிடும். 'குறியீடு' என்று நீட்டினால் அந்தச் சாயல் போய்விடுகிறது. கருவிக்கு என் பரிந்துரை: பழுதுக்குறி படிப்பான். (ஒற்று மிகுமா மிகாதா என்பவர்கள் தயவுசெய்து தனி இழை தொடங்குங்கள்.)

கூடவே சில சொற்கள். ஒரு கோளாறு முதல் ஓட்டத்தில் தென்பட்டால் கணினி அதைக் குறித்து மட்டும் வைத்துக்கொள்ளும். அடுத்த ஓட்டத்திலும் தென்பட்டால்தான் பெரும்பாலும் விளக்கை எரியவிடும். முன்னதை 'ஐயக்குறி' என்றும் பின்னதை 'உறுதிக்குறி' என்றும் சொல்லலாம். குறி விழுந்த நொடியில் வண்டியின் வேகம், எஞ்சின் சூடு, சுற்று என்ன என்பதையும் கணினி பதிந்து வைக்கும். ஆங்கிலத்தில் freeze frame எனப்படும் இதை 'உறைசட்டகம்' என்று யாரும் எழுதிவிடாதீர்கள், ஐஸ் பெட்டி நினைவுக்கு வருகிறது. 'குறிநேரப் பதிவு' போதும். ஓடும்போது மாறிக்கொண்டே இருக்கும் அளவுகள் 'ஓட்டத்தரவு'.

குறியைக் காட்டவும் அழிக்கவும் மட்டுமே தெரிந்த கருவியை வாங்க வேண்டாம் என்று கட்டுரையில் அழுத்தி எழுதுங்கள். ஓட்டத்தரவு இல்லையென்றால் நான் மாற்றிய சென்சார் கதைதான். குறியை அழித்தால் குறிநேரப் பதிவும் சேர்ந்து போய்விடும். கணினி தன்னைத்தானே சோதித்து முடித்த கணக்கும் முதலிலிருந்து தொடங்கும். எதையும் எழுதி வைத்துக்கொண்டு அழிக்க வேண்டும்.

---

> படிப்பான் என்றால் பள்ளிக்கூடப் பையன் கண்முன் வருகிறான். 'படிப்பி' எனலாமே? அது போகட்டும், என்னிடம் இருப்பது படிக்க மட்டுமா செய்கிறது? ரேடியேட்டர் விசிறியை ஓடு என்றால் ஓடவைக்கிறது.

'படிப்பி' என்றால் கற்றுக்கொடு என்றாகிவிடும் ஐயா. அழிப்பானை எல்லாப் பள்ளிக்கூடத்திலும் ஏற்றுக்கொண்டோம், படிப்பானையும் ஏற்கலாம்.

விசிறி விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, நான் அதை யோசிக்கவில்லை. விசிறி சுற்றாதபோது மோட்டார் போய்விட்டதா, கட்டளையே வரவில்லையா என்று ஏவிப் பார்த்தால் உடனே பிரித்துவிடலாம். அது படிப்பது அன்று, ஆய்வதுதான். நான் தள்ளிவிட்ட 'பழுதாய்வி'யை அந்த வகைக்கு எடுத்துக்கொள்வோம்.

இரண்டு சொல் இருப்பது வாங்குபவருக்கும் நல்லது. அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்து கட்டாயமான ஓபிடி-2 (OBD-II, கார் தன் கோளாறைத் தானே சோதித்துச் சொல்லும்) முறை, புகையை ஒட்டிய கோளாறுகளைத்தான் எல்லாருக்கும் பொதுவாக்கியது. பி0 வரிசைக் குறிகள் எந்த நிறுவனத்தின் காரிலும் ஒரே பொருள் தரும். பி1 வரிசை தயாரிப்பாளரின் சொந்தச் சொத்து. ஏபிஎஸ், ஏர்பேக் பக்கம் போனாலும் அவரவர் வழி அவரவருக்கு. படிப்பான் வாங்குபவர் சாக்கெட் இந்த முறையைச் சேர்ந்ததா என்று பார்த்தால் போதும். பழுதாய்வி வாங்குபவர் தன் காரின் மாடலும் ஆண்டும் அந்தக் கருவியின் பட்டியலில் உண்டா, அதிலும் எந்தெந்தப் பகுதிக்கு உண்டு என்று தேடியாக வேண்டும். எஞ்சினுக்கு மட்டும் ஆதரவு கொடுத்துவிட்டு அட்டைப்பெட்டியில் எல்லாக் கார்களின் சின்னத்தையும் அச்சடிப்பது உண்டு.

செல்பேசியோடு பேசும் சிறு கருவியை 'செருகி' என்றே சொல்லலாம். ஐபோன்காரர்கள் வைஃபை செருகியோ குறைமின் ப்ளூடூத் (BLE) செருகியோ வாங்க வேண்டும். பழைய வகை ப்ளூடூத் செருகி அதோடு பேசாது. இன்னொன்று: சாக்கெட்டின் 16ஆம் முனையில் சாவியை எடுத்த பிறகும் பேட்டரி மின்சாரம் இருக்கும். செருகியை அப்படியே விட்டுவிட்டு வண்டியைப் பல நாள் நிறுத்தி வைத்தால் பேட்டரி இறங்கிப்போகலாம்.

---

இருவருக்கும் நன்றி. தலைப்பை "படிப்பான் போதுமா, பழுதாய்வி வேண்டுமா?" என்று மாற்றிவிட்டேன். விசிறியை ஓடவிட்டுப் பார்ப்பதை 'ஏவல் சோதனை' என்று எழுதியிருக்கிறேன். மறுப்பு இருந்தால் நாளை மாலைக்குள் சொல்லுங்கள்.