பொருள்: கொன்சேட் பாண்டுக்குத் தமிழ் என்ன? (வெள்ளிக்குள் வேண்டும்)

கோப்பாய்:
வணக்கம். எங்கள் பிள்ளைகள் நகர வாழ்க்கையைப் பற்றிய புதிய ஆக்கம் ஒன்றை வாசிக்கப் போகிறார்கள். பஸ் நிலைய இரைச்சல், சந்தைக் கூச்சல், பின்னேரம் பீத்தோவன் மெட்டோடு வரும் பாண் (ரொட்டி) ஓட்டோ எல்லாம் அதில் உண்டு. நிகழ்ச்சிக் குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'கொன்சேட் பாண்ட்' என்ற இடத்தில் பேனை நின்றுவிட்டது. கிளாரினற், ட்றம்பெற், முரசு உண்டு, வயலின் இல்லை. நடந்து வாசிப்பதுமில்லை, இருந்து வாசிப்பது. 'இசைக்குழு' என்றால் கல்யாண வீட்டுக் கோஷ்டி என்று நினைப்பார்கள்.

திருநெல்வேலி:
இதற்கா இவ்வளவு யோசனை? பல் (பல) + இயம் (வாத்தியம்) = பல்லியம். நெடும்பல்லியத்தனார் என்று ஒரு புலவரே இருந்திருக்கிறார்.

கொக்குவில்:
மாஸ்டர், அவருடைய புறநானூற்று 64ஆம் பாட்டு 'நல்யாழ்' என்றுதானே தொடங்குகிறது? நரம்புக்கருவி இல்லாத குழுவுக்கு அந்தப் பேர் பொருந்துமா? எட்டாம் வகுப்புக்குப் பல்லிதான் ஞாபகம் வரும். ஊதுவதுதான் இங்கே முதன்மை. 'ஊது'வையும் 'இயம்'மையும் சேர்த்துப் பார்க்கலாம்.

திருநெல்வேலி:
சேர்த்துப் பாருங்கள் தம்பி. குற்றியலுகரம் கெட்டால் 'ஊதியம்'. பிள்ளைகள் சம்பளம் கேட்பார்கள்.

ரொறன்ரோ:
'பாண்ட்' தமிழ்தான் என்பது என் நெடுநாள் எண்ணம். மலைபடுகடாத்தில் 'விளங்கு அடர்ப் பாண்டில்' வருகிறது. பாண், பாணன், பாண்டில், பாண்ட். நாங்கள் கொடுத்ததைத்தான் திரும்ப வாங்குகிறோம்.

கொக்குவில்:
பாண்டில் கஞ்சத் தாளம், அண்ணை. ஆங்கிலச் சொல் பிரெஞ்சு வழியாகக் 'கூட்டம்' என்ற பொருளில் வந்தது. பாணும் போர்த்துக்கேயர் தந்தது, வெதுப்பகத்தில் கேட்டுப் பாருங்கள்.

மட்டக்களப்பு:
எங்கள் பக்கம் 'இன்னியம்' புழக்கத்தில் உண்டு. ஆனால் அது பறை முதலான நம் வாத்தியங்களுக்கு வைத்த பேர், ட்றம்பெற்றுக்குக் கொடுக்க மனமில்லை. 'காற்றியம்' என்றால் என்ன?

கோப்பாய்:
அதை 'விண்ட் என்செம்பிளு'க்கு வைத்திருப்போம். 1952இல் இசை நடத்துநர் ஃபெனெல் அமெரிக்காவின் ஈஸ்ற்மன் இசைப்பள்ளியில் தொடங்கிய முறை அது, ஒரு பகுதிக்கு ஒருவர்தான் வாசிப்பார். எங்களிடம் கிளாரினற் மட்டும் ஒன்பது.
யாழ்ப்பாணம் யாழ்ப்பாடிக்குப் பரிசாகக் கிடைத்த ஊர் என்று சொல்லிக்கொள்கிறோம், யாழ் இல்லாத இயத்துக்கு மூன்று நாளாகப் பேர் கிடைக்கவில்லை!

கொக்குவில்:
'குழலியம்'? பிள்ளைகளுக்கு உடனே விளங்கும்.

திருநெல்வேலி:
முரசு அடிக்கும் பிள்ளை என்ன பாவம் செய்தது?

கோப்பாய்:
அச்சகத்திலிருந்து இரண்டு தரம் தொலைபேசி வந்துவிட்டது. குழலியத்துக்கு நான்கு பேர், பல்லியத்துக்கு இரண்டு பேர். தலைப்பில் 'பாண்ட் வாத்தியக் குழு', உள்ளே 'குழலியம்' என்று போட்டு அனுப்பிவிட்டேன். பிள்ளைகள் எப்படியும் 'பாண்ட்' என்றுதான் சொல்லப் போகிறார்கள்.

திருநெல்வேலி:
என் மறுப்பைப் பதிந்து வையுங்கள். அந்தப் பெரிய டியூபாவையும் குழல் என்பீர்களா? அதே மலைபடுகடாத்தில், யானை மூச்சுவிடுவதுபோல் ஒலிக்கும் 'தூம்பு' இருக்கிறது.

ரொறன்ரோ:
டியூபா, தூம்பு. இதை ஏன் ஒருவரும் முதலிலேயே சொல்லவில்லை?