குண்டு பல்ப் கிடைக்காத காலத்தில் ‘பல்ஸ் ரூம்’: எல்இடி போடலாமா?

கயல்:
ஐரோப்பாவில் ஓர் அருங்காட்சியகத்தின் கலைப்பொருள் பாதுகாப்புப் பிரிவில் பயிற்சியில் இருக்கிறேன். கலைஞர் ரஃபேல் லொசானோ-ஹெம்மரின் ‘பல்ஸ் ரூம்’ (2006) என்ற விளக்குப் படைப்பைப் பற்றிக் குறிப்பு எழுத வேண்டும். கைப்பிடியைப் பற்றினால் நம் இதயத்துடிப்பில் ஒரு பல்ப் துடிக்கும். கையை எடுத்ததும் அந்தத் துடிப்பு வரிசையின் முதல் பல்புக்குப் போகும், மற்றவை ஓரிடம் தள்ளிப்போகும். 100 முதல் 300 குண்டு பல்ப் வரை தொங்கும். இங்கே 2009 முதல் அவற்றைப் படிப்படியாகச் சந்தையிலிருந்து நீக்கிவிட்டார்கள். எல்இடி போதும் என்கிறார்கள் உடன் இருப்பவர்கள். எனக்கு ஒப்பவில்லை, காரணம் சொல்லத்தான் தெரியவில்லை.

மேடைவிளக்கு:
நாடக மேடைகளில் விளக்குப் பணி பார்த்தவன் நான். காரணம் அணையும் விதத்தில் இருக்கிறது. மின்சாரம் நின்றாலும் பல்புக்குள் ஒளிரும் கம்பியான ஃபிலமென்ட் உடனே இருளாது. மஞ்சள் ஆரஞ்சாகி, சிவந்து, பிறகுதான் அடங்கும். ஒரு நொடிக்கும் குறைவான அந்த வால்தான் துடிப்பை உயிருள்ளதாகக் காட்டுகிறது. சாதாரண எல்இடி சட்டென்று செத்துவிடும். மென்பொருளால் வெளிச்சத்தை மெல்லக் குறைக்கலாம், ஆனால் நிறம் சிவக்காது. அதற்கு நிறம் மாற்றக்கூடிய எல்இடி வேண்டும்.

ஆகவே நல்ல பல்ப் கையில் இருக்கும்போதே போட்டோடையோடும் (வெளிச்சத்தை மின்குறியாக மாற்றும் உணரி) ஆசிலோஸ்கோப்பும் (அந்தக் குறியைக் கோடாக வரைந்து காட்டும் கருவி) வைத்து, பல டிம்மர் (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) அளவுகளில் வெளிச்சம் ஏறி இறங்கும் கோட்டைப் பதிவு செய்யுங்கள். பக்கத்திலேயே நிறத்தையும் வீடியோ எடுத்துவிடுங்கள். பின்னாளில் எந்த விளக்கு வந்தாலும் அதோடு ஒப்பிடலாம்.

அப்புறம், குளிர்ந்த ஃபிலமென்டின் மின்தடை சூடானதில் பத்தில் ஒரு பங்குதான். அதனால் ஒவ்வொரு முறை எரியத் தொடங்கும்போதும் ஒரு கணம் அளவுக்கு மீறிய மின்னோட்டம் பாய்ந்து ஃபிலமென்டை வருத்தும். மேடையில் இதற்காக லேசாகச் சூடாக்கியே வைப்போம். இந்தப் படைப்பில் பல்ப் முழு இருட்டுக்குப் போக வேண்டுமா என்று கலைஞரிடம் எழுத்தில் வாங்குங்கள். அவர் இதையெல்லாம் யோசிப்பவர். ஊடகக் கலையைப் பாதுகாப்பது குறித்து 2015இல் கிட்ஹப்பில் (நிரல்களைப் பகிரும் இணையதளம்) ஒரு நீண்ட குறிப்பே வெளியிட்டிருக்கிறார்.

நெய்தல்:
முழுக்கப் பழசு, முழுக்கப் புதுசு என்று இரண்டே வழி இல்லை. தென்கொரியாவில் குவாச்சனில், ‘நாம் ஜுன் பைக்’ என்ற வீடியோ கலைஞரின் 1988ஆம் ஆண்டுக் கோபுரத்தில் 1,003 டிவிகள். 2018இல் அணைத்தார்கள், பழுது பார்த்து 2022இல் மறுபடி இயக்கினார்கள். பெரும்பாலானவை பழைய குழாய்த் திரைகளாகவே இருக்க, மேலே இருந்த சிறியவற்றுக்கு மட்டும் எல்சிடி வைத்தார்கள். எதை மாற்றலாம் என்று பாகம் பாகமாகத்தான் முடிவு செய்ய வேண்டும்.

கயல்:
நன்றி, இது போதும். கைப்பிடியில் இருக்கும் சென்சாருக்கும் இப்படியே செய்யலாமா?

மேடைவிளக்கு:
செய்யலாம். ஆனால் அது கண்ணுக்குத் தெரியாத பாகம், துடிப்பைச் சரியாகப் பிடித்தால் சரி. பல்புகளை இயக்கும் நிரலின் மூலப்பிரதியும் அது ஓடிய இயங்குதளமும் உங்களிடம் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் இந்த வாரமே கேட்டு வாங்கிவிடுங்கள்.