ஹேங்க் மார்வின் ஒலி: முதல் கம்பி மட்டும் குத்துகிறது

1960களின் தொடக்கத்தில் ஷாடோஸ் என்ற பிரிட்டிஷ் இசைக்குழுவில் ஹேங்க் மார்வின் வாசித்த அந்தத் தெளிந்த, உருண்ட கிட்டார் ஒலி எனக்கு வேண்டும். அவரிடம் இருந்தவை ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்ற மின்கிட்டார், வாக்ஸ் ஆம்ப்ளிஃபயர், எக்கோ கருவி. என்னிடம் இருப்பவை அதே அமைப்பிலான மூன்று பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சைகையாக்கும் பாகம்) கிட்டார், 15 வாட் வால்வு ஆம்ப்ளிஃபயர், எக்கோ தரும் டிலே பெடல். வாசிப்பது அடுக்குமாடி வீட்டின் சிறிய அறையில், குறைந்த ஒலியளவில்.

பொங்கலிலிருந்து மல்லுக்கட்டுகிறேன். பிரிட்ஜ் பிக்கப்பில் (கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜை ஒட்டி இருப்பது) மிக மெல்லிய முதல் கம்பியைத் தொட்டாலே ஊசி போல் குத்துகிறது. தடித்த கம்பிகளில் குறையே இல்லை. கம்பிகளை 9-இலிருந்து அதைவிடத் தடித்த 11-க்கு (முதல் கம்பியின் தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குகளில்) மாற்றினேன், ஓசைக்குச் சதை கூடியது, குத்தல் போகவில்லை. ஆம்ப்ளிஃபயரில் ட்ரெபிளைக் (உயர் அதிர்வெண் ஒலியை) குறைத்தால் எல்லாமே மங்கிவிடுகிறது. பிக்கப்பைத் திருகித் தாழ்த்தியதில் சற்றே அடங்கியது. கழுத்துப் பக்கம் நகர்ந்து மீட்டினால் இனிமை வருகிறது, ஆனால் சுருதியை அசைக்கும் ட்ரெமோலோ கைப்பிடி கைக்கு எட்டுவதில்லை. நீண்ட சுரங்களை அதைக்கொண்டு மெல்ல அசைக்காமல் அந்த வாசிப்பு ஏது?

பழைய வயரிங் முறைப்படி என் கிட்டாரில் பிரிட்ஜ் பிக்கப்புக்கு டோன் குமிழே (ஒலியின் கூர்மையைக் குறைக்கும் குமிழ்) கிடையாது. இரண்டாவது டோன் குமிழை அதனுடன் இணைத்தால், மற்றக் கம்பிகளின் மணியோசை கெடாமல் முதல் கம்பியின் கூர்மை அடங்குமா?