கரிசல் மண்ணில் இரண்டு கொலைகள்

சென்ற ஐப்பசியில் ஒரு திருமணத்துக்காகக் கோவில்பட்டிப் பக்கம் போயிருந்தேன். முந்தின இரவு பெய்த மழையில் ஊறியிருந்த கரிசலில் பத்தடி நடப்பதற்குள் செருப்பின் அடியில் மண் அப்பிக் கால் கனத்துவிட, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டுதான் பந்தலுக்குப் போய்ச் சேர்ந்தேன். காவிரி வண்டலில் வளர்ந்த எனக்கு, இப்படிக் காலைப் பிடித்துக்கொண்டு விடாத மண் புதிது. ஊர் திரும்பியதும் அந்த வட்டாரத்து எழுத்தாளர்கள் இருவரின் நாவல்களை நூலகத்தில் எடுத்து அடுத்தடுத்துப் படித்தேன். ஒன்று, இடைசெவல் கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ (1976). மற்றது, பூமணியின் ‘வெக்கை’ (1982).

இரண்டுமே கொலையில் தொடங்குகின்றன என்பது இரண்டாவது நூலைத் திறந்தபோதுதான் உறைத்தது. கோபல்லத்தில், தண்ணீர் குடிக்க இறங்கிய கர்ப்பிணிப் பெண்ணை அவளுடைய காது நகைக்காக ஒரு திருடன் காலால் நீருக்குள் அழுத்திக் கொல்கிறான். சாகும் தறுவாயில் அவள் அவனுடைய கால் விரலைப் பற்களால் கவ்விக்கொள்கிறாள். அந்தப் பக்கத்தைப் படித்தபின் சிறிது நேரம் புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஆந்திரத்திலிருந்து ஓடிவந்தவர்கள் காட்டுக்குத் தீ வைத்து நிலமாக்கிய கதையை 137 வயது மங்கத்தாயாரு அம்மாள் சொல்லும் பகுதி பலருக்கும் பிடித்தது, எனக்கும் பிடித்ததுதான். ஆனாலும் ஊரே கூடி, தானே விசாரித்து, திருடனைக் கழுவேற்றும் பகுதிதான் என்னை விடாமல் தொடர்ந்தது.

‘வெக்கை’யில் கொலை செய்பவன் 15 வயதுச் சிறுவன் சிதம்பரம். அண்ணனைக் கொன்ற வடக்கூரானின் கையை மட்டும் வெட்ட எண்ணிப் போனவன், உயிரையே எடுத்துவிடுகிறான். அதன்பின் எட்டு நாட்கள் அப்பாவும் மகனும் காட்டிலும் மலையிலும் ஒளிந்து, கிடைத்ததைச் சமைத்துச் சாப்பிட்டு, பழைய கதைகளைப் பேசித் திரிகிறார்கள். இதைத் தழுவி 2019இல் வந்த ‘அசுரன்’ படத்தை முன்பே பார்த்திருந்ததால் சண்டைகளை எதிர்பார்த்தே படிக்கத் தொடங்கினேன். நாவலிலோ அடுப்புக் கூட்டுவதும், மகனை உறங்கவிட்டு அப்பா விழித்திருப்பதும்தான் நிறைந்திருக்கின்றன. மகனை அவர் ஓரிடத்திலும் கொலைகாரனாகப் பார்ப்பதில்லை. பசிக்கிறதா, கால் வலிக்கிறதா என்ற கவலைதான் அவருக்கு. சாதியின் பெயரை உரக்கச் சொல்லாமலேயே அந்தப் பகையின் வேர் எதில் இருக்கிறது என்பதைப் பூமணி உணர்த்திவிடுகிறார். தன் நிலத்தை விட்டுக்கொடுக்க அப்பா மறுத்ததுதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். ஒரு நாவலில் காட்டை எரித்து உருவாக்கப்பட்ட அதே கரிசல், மற்றதில் ஒரு துண்டுக்காகத் தலைமகனைப் பறிகொடுக்க வைக்கிறது.

‘வெக்கை’யின் முடிவில் அப்பாவும் மகனும் சரணடைவதற்காக நீதிமன்றத்துக்குப் புறப்படுகிறார்கள். அங்கே அவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதைப் பூமணி எழுதவில்லை. அன்றிரவே ‘கோபல்ல கிராம’த்தின் கடைசிப் பக்கங்களை மறுபடி எடுத்துப் படித்தேன்; கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) ஆட்சி போய் விக்டோரியா மகாராணியின் ஆட்சி வருகிறது என்ற செய்தி அங்கே அப்போதுதான் ஊரை எட்டியிருந்தது.